துருவத்துக் கோடையில் ஏன் அத்தனை குளிர்?

ஜூன் மாதம் மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டித் தண்ணீர் இறங்கி, டெல்டாவில் குறுவை வேலை சூடுபிடிக்கும் நாட்களில் வட துருவத்தில் சூரியன் மறைவதே இல்லை. 24 மணி நேரமும் வெயில்தான். அந்தத் துருவத்துக்கு மேலே 85 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு வெப்பமானியை வைத்தால் என்ன காட்டும் தெரியுமா? மைனஸ் 140 டிகிரி செல்சியஸை ஒட்டிக் காட்டும். அண்டார்டிகாவின் வோஸ்டாக் நிலையத்தில் 1983-இல் தரைமட்டத்தில் பதிவான கடுங்குளிரே மைனஸ் 89.2 டிகிரிதான். பூமியில் இயற்கையாக அமைந்த மிகக் குளிர்ந்த இடம் அந்த 85 கிலோமீட்டர் உயரம். அதுவும் கோடையில்.

ஆறு மாதம் கழித்து டிசம்பரில் அதே இடத்தை அளந்தால் மைனஸ் 80 டிகிரி அளவில் இருக்கும். அப்போது அங்கே சூரியன் எட்டியே பார்ப்பதில்லை. வெயில் ஓயாத மாதத்தில் கடுங்குளிர், முழு இருட்டில் அதைவிட 60 டிகிரி கதகதப்பு. வெயில் அடித்தால் சூடு என்பதுதான் பிறந்ததிலிருந்து நமக்குத் தெரிந்த விதி. அது அங்கே தலைகீழாகிறது.

தலைகீழாக்குவது அலைகள். காற்றுக்குள்ளேயே ஓடும் அலைகள். கீழே மலைகளும் புயல்களும் இடிமழையும் கிளப்பிவிடுகிற அலைகள் மேலே ஏறிப் போய், சூரியன் போட்ட கணக்கை மாற்றி எழுதிவிடுகின்றன. வளிமண்டலத்தைப் பற்றி நான் படித்ததில் இதைவிட வியப்பான விஷயம் வேறில்லை. முறையாகப் பார்த்தால் புரியாத விஷயமும் இல்லை.

முதலில் உயரங்கள். பள்ளிப் புத்தகத்தில் படித்த அடுக்குகள் நினைவிருக்கும். மழை, மேகம், புயல் எல்லாம் கீழடுக்கில். நம் டெல்டாவுக்கு மேலே அது 16, 17 கிலோமீட்டர் வரை போகிறது, துருவத்தில் 8, 9 கிலோமீட்டரோடு முடிந்துவிடுகிறது. அதன் மேலே 50 கிலோமீட்டர் வரை மீள் அடுக்கு. ஓசோன் இங்கேதான் இருக்கிறது. அது சூரியனின் புற ஊதாக் கதிரை உறிஞ்சிக்கொள்வதால் இந்த அடுக்கில் மேலே போகப்போகச் சூடு கூடும். அதற்கும் மேலே 85, 90 கிலோமீட்டர் வரை இடையடுக்கு, பிறகு வெப்ப அடுக்கு. 85 கிலோமீட்டர் என்பது தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் வரை உள்ள சாலைத் தூரம்தான். பஸ்ஸில் போனால் இரண்டு மணி நேரம். ஆனால் செங்குத்தாக அந்தத் தூரம் போவது பெரும்பாடு. காரைக்காலில் வானிலைத் துறை பறக்கவிடும் பலூன் 30 கிலோமீட்டரை ஒட்டி வெடித்துவிடும். செயற்கைக்கோள் அவ்வளவு தாழ்வாகச் சுற்றினால் காற்றில் உராய்ந்து விழுந்துவிடும். ராக்கெட் அந்த உயரத்தைச் சில நிமிடங்களில் கடந்துவிடும். அதனால்தான் இந்தப் பகுதியைப் பற்றிய அறிவு மெதுவாக வளர்ந்தது.

சரி, காற்றுக்குள் அலை எப்படி உண்டாகிறது? மீள் அடுக்கில் மேலே சூடான காற்று, கீழே குளிர்ந்த காற்று. எடை கூடியது கீழே, குறைந்தது மேலே என்று ஒழுங்காக அடுக்கி வைத்த நிலை. இந்த நிலையில் ஒரு கொத்துக் காற்றை மேலே தள்ளினால் அது விரிந்து குளிர்ந்து, தன்னைச் சுற்றியிருக்கும் காற்றைவிடக் கனமாகிவிடும். உடனே கீழே விழும். விழுந்த வேகத்தில் பழைய இடத்தைத் தாண்டி இறங்கும். இப்போது அது நசுங்கிச் சூடாகி, சுற்றத்தைவிட இலேசாகிவிடும். மறுபடி எழும். மேலடுக்குகளில் இந்த ஏற்ற இறக்கம் ஒரு சுற்று வர ஏறத்தாழ 5 நிமிடம் பிடிக்கும். இதைவிட வேகமாக ஆட முடியாது, மெதுவாக ஒரு சுற்றுக்குப் பல மணி நேரம் எடுத்தும் ஆடலாம். இந்த ஆட்டம் பக்கத்துக் காற்றுக்கும் மேலே உள்ள காற்றுக்கும் பரவினால் அது அலை. மிதப்பும் புவியீர்ப்பும் சேர்ந்து ஆட்டுவதால் இங்கே இதை மிதப்பு அலை என்று சொல்லிக்கொள்கிறேன். கருந்துளைகள் மோதும்போது வருகிற ஈர்ப்பலை முற்றிலும் வேறு விஷயம், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தொடக்கத்தில் காற்றை மேலே தள்ளுவது யார்? மலைமேல் ஏறி இறங்கும் காற்று ஒரு காரணம். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரின் தென்கோடியும் அதற்கு எதிரே நீளும் அண்டார்டிகத் தீபகற்பமும் குளிர்காலத்தில் உலகிலேயே மிக வலுவான மிதப்பு அலைகளைக் கிளப்புகிற இடங்கள். இடிமேகம் இன்னொரு காரணம். ஐப்பசி கார்த்திகையில் வங்கக் கடல்மீது எழும் மேகக் கோபுரங்கள் கீழடுக்கின் கூரையை முட்டித் தள்ளும்போது அங்கிருந்து அலைகள் கிளம்புகின்றன. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறிய கஜா போன்ற புயல்களும் இந்த வேலையைச் செய்பவைதான். தென்னையை வேரோடு சாய்த்த காற்றை நாம் தரையில் பார்த்தோம். ஒரு புயலின் ஆற்றலில் சிறு பங்கு எப்போதும் அலையாக மேலே கிளம்பிப் போகிறது.

சிறு பங்கு போய் என்ன செய்துவிட முடியும் என்று கேட்கலாம். இங்கேதான் விஷயத்தின் உயிர் இருக்கிறது. மேலே போகப்போகக் காற்று மெலிகிறது. 80 கிலோமீட்டரில் அதன் அடர்த்தி தரையில் இருப்பதில் ஏறத்தாழ 65,000-இல் ஒரு பங்கு, 90 கிலோமீட்டரில் மூன்று லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அலை சுமந்துவரும் ஆற்றல் வழியில் வீணாகவில்லை என்றால், அதே ஆற்றல் மிகக் குறைந்த காற்றை ஆட்ட வேண்டிவரும். அப்போது ஆட்டத்தின் அளவு கூடியே ஆக வேண்டும். அடர்த்தி எத்தனை மடங்கு குறைகிறதோ அதன் வர்க்கமூலம் அளவுக்கு ஆட்டம் பெருகும். கணக்குப் போட்டால் 90 கிலோமீட்டருக்குள் சில நூறு மடங்கு. கீழே நொடிக்குச் சில சென்டிமீட்டர் மட்டுமே காற்றை அசைத்த அலை, அங்கே நொடிக்குப் பத்து இருபது மீட்டர் வேகத்தில் அதை முன்னும் பின்னும் வீசும்.

எந்த அலையும் அளவில்லாமல் வளர முடியாது. நாகை கடற்கரையில் நின்று பார்த்தால் தெரியும். ஆழ்கடலில் எங்கோ வீசிய காற்று கிளப்பிய அலை, கரையை நெருங்கும்போது உயர்ந்து, தலை சாய்ந்து, நுரைத்து உடைகிறது. அது கரைக்குச் சாய்வாக வந்து உடைந்தால், உடையும் இடத்திலிருந்து கரையோரமாக ஒரு நீரோட்டம் உண்டாகிறது. குளிக்க இறங்கிய இடம் ஒன்று, கரையேறும் இடம் வேறாகப் போவது இதனால்தான். அலை வெறும் ஆட்டத்தை மட்டும் கொண்டுவரவில்லை, ஒரு திசையில் தள்ளும் உந்தத்தையும் தொலைவிலிருந்து சுமந்து வந்து, உடையும் இடத்தில் இறக்கிவைக்கிறது. இடையடுக்கின் மேற்பகுதி மிதப்பு அலைகள் உடையும் கரை. கீழே எங்கோ வாங்கிய உந்தத்தை அவை அங்கே உள்ள காற்றிடம் ஒப்படைக்கின்றன. அந்தக் காற்று மிகவும் மெல்லியது என்பதால் அந்தத் தள்ளல் அதைப் பெரிய அளவில் திருப்பிவிடுகிறது.

அடுத்த கேள்வி, எந்தத் திசையில் தள்ளல்? கீழிருந்து கிளம்பும் அலைகள் எல்லாத் திசையிலும் போகின்றனவே, ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடாதா? ஈடுகட்டாது, ஏனென்றால் எல்லா அலையும் மேலே போய்ச் சேர்வதில்லை. வழியில் ஒரு சல்லடை இருக்கிறது. அது மீள் அடுக்கின் காற்று.

நம் பக்கத்து மீனவர்கள் மேற்கிலிருந்து வரும் காற்றைக் கச்சான் என்றும், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும் சொல்வார்கள். அந்தப் பெயர்களையே இங்கே வைத்துக்கொள்கிறேன். துருவப் பகுதியின் மீள் அடுக்கில் குளிர்காலம் முழுக்கப் பலத்த கச்சான் சுழன்று வீசும். கோடையில் அது கொண்டலாக மாறிவிடும். ஓர் அலை, தான் போகும் திசையிலும் வேகத்திலும் அப்படியே வீசும் காற்றைச் சந்தித்தால் அதைத் தாண்டி மேலே போக முடியாது, அங்கேயே கரைந்துவிடும். கோடைக் கொண்டல் மேற்கு நோக்கி ஓடுகிறது. அதனால் மேற்கே போகும் அலைகளை அது விழுங்கிவிடுகிறது. கிழக்கே போகும் அலைகள் மட்டும் தப்பி மேலே சேர்கின்றன. அவை உடையும்போது இடையடுக்கின் காற்றைக் கிழக்கு நோக்கித் தள்ளுகின்றன. குளிர்காலத்தில் இது அப்படியே மாறும்: கச்சான் கிழக்கு நோக்கிப் போகும் அலைகளைப் பிடித்துக்கொள்ள, மேற்கு நோக்கிய தள்ளல் மேலே மிஞ்சும்.

பூமி சுழல்வதால் வட அரைக்கோளத்தில் ஓடும் காற்று வலது கைப்பக்கம் விலகும் என்பது புயல் செய்தி பார்ப்பவர்களுக்குப் பழக்கமான விஷயம். கிழக்கே தள்ளப்படும் காற்றுக்கு வலப்பக்கம் தெற்கு. ஆக, வட துருவத்தின் கோடையில் 85 கிலோமீட்டர் உயரத்துக் காற்று துருவத்தை விட்டுத் தெற்கே ஓடத் தொடங்குகிறது, மணிக்கு 40 கிலோமீட்டர் போன்ற வேகத்தில். அந்த ஓட்டம் பூமத்தியரேகையைத் தாண்டி எதிர் அரைக்கோளத்துக்குள் போகிறது. அங்கே குளிர்காலம் நடக்கிறது, மேற்கு நோக்கிய தள்ளல் காற்றைத் தென் துருவத்தின் பக்கம் திருப்பி ஈர்த்துக்கொள்கிறது. கோடைத் துருவத்திலிருந்து குளிர்காலத் துருவத்துக்கு, பூமியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஒரே ஓட்டம். நம் தஞ்சைக்கும் திருவாரூருக்கும் மேலேயும் அந்த ஓட்டம் கடந்துபோகிறது.

துருவத்தை விட்டுக் காற்று வெளியேறினால் அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து காற்று எழ வேண்டும். எழும் காற்று விரியும், விரிந்தால் குளிரும், ஒரு கிலோமீட்டர் எழுந்தால் ஏறத்தாழ 10 டிகிரி வீதம். இங்கே எழும் வேகம் நொடிக்குச் சில சென்டிமீட்டர்தான். கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் நாள் முழுக்க எழுந்தால் சில கிலோமீட்டர் ஆகிவிடுகிறது. சூரியன் 24 மணி நேரமும் சுட்டாலும் இந்தக் குளிர்ச்சியை ஈடுகட்ட முடிவதில்லை. வெயிலை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் வரவேண்டிய வெப்பநிலையைவிட 60 டிகிரிக்கும் மேலாகக் கீழே போய்விடுகிறது. மறுகோடியில், இருண்ட துருவத்தில், வந்து சேர்ந்த காற்று கீழே இறங்கி நசுங்கிச் சூடாகிறது. ஜூன் மாதத்துக் கடுங்குளிருக்கும் டிசம்பர் மாதத்துக் கதகதப்புக்கும் விடை இதுதான்.

இதற்குக் கண்ணால் பார்க்கக்கூடிய சாட்சியும் உண்டு. 1885-இல் ஐரோப்பாவில் சூரியன் மறைந்து வெகுநேரம் கழித்தும் வெள்ளி நீலத்தில் மின்னும் மேகங்களைப் பலர் கவனித்து எழுதினார்கள். ஓட்டோ யெஸ்ஸே என்ற ஜெர்மானியர் அவற்றைப் பல இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் படமெடுத்து, கோணங்களைக் கொண்டு உயரத்தைக் கணக்கிட்டார். 82 கிலோமீட்டர் வந்தது. மழைமேகங்கள் எட்டும் உயரத்தைப்போல ஐந்து மடங்கு. அங்கே நீராவி மிகச் சொற்பம், ஆனால் மைனஸ் 140 டிகிரியில் அந்தச் சொற்பமும் பனித்துகளாகிவிடும். துருவத்துக் கோடையில் மட்டுமே இந்த மேகம் உருவாவது, அந்தக் குளிர் அங்கே அப்போது மட்டுமே இருப்பதால். அதன் படங்களைத் தேடிப் பாருங்கள். ஆற்று மணலில் நீர் வடிந்த பிறகு தெரியும் வரிகள் மேகம் முழுக்க ஓடும். அந்த வரிகள் மேலேறி வந்த மிதப்பு அலைகள்தான். பத்து, பதினொன்று டிகிரி அட்சரேகையில் இருக்கும் நம் டெல்டாவிலிருந்து அவற்றைப் பார்க்க வாய்ப்பில்லை.

மேகம் இல்லாத நாளில் அந்த உயரத்துக் காற்றை எப்படி அளப்பது? விண்கற்களை வைத்து. ஒவ்வொரு நாளும் எண்ணற்ற சிறு விண்துகள்கள் 80 முதல் 100 கிலோமீட்டர் உயரத்தில் எரிந்து, மின்னேற்றமடைந்த ஒரு கோட்டை விட்டுப்போகின்றன. அந்தக் கோடு காற்றோடு நகர்கிறது. ரேடார் அதன்மீது பட்டுத் திரும்பும்போது நகரும் வேகம் தெரிந்துவிடும். இரவு பகல், மழை வெயில் எதுவும் இதைத் தடுக்காது என்பதால், மாதக் கணக்கில் சூரியன் தெரியாத துருவத்துக்கு இது பொருத்தமான கருவி. அண்டார்டிகாவின் சியோவா நிலையத்தில் ஜப்பான் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டெனாக்களை நட்டு, பான்ஸி என்ற பெரிய ரேடாரை இயக்குகிறது. இதே துறையில் நம் பக்கத்திலும் வேலை நடந்துவருகிறது. திருப்பதி அருகே கடங்கியில் ஒரு பெரிய ரேடார் உண்டு. திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ரேடார் 1990-களிலிருந்து இடையடுக்கின் காற்றை அளந்திருக்கிறது. தும்பாவிலிருந்து சோவியத் நாட்டின் எம்-100 ராக்கெட்டுகள் 1970 முதல் பல ஆண்டுகள் ஏறி அதே உயரங்களை அளந்தன.

மிதப்பு அலைகளோடு கதை முடியவில்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள கோள் அலைகள் என்று ஒரு வகை உண்டு. இமயமலை, ராக்கி மலை போன்ற பெரிய மலைத்தொடர்களும், நிலமும் கடலும் வேறுவேறாகச் சூடாவதும் இவற்றைக் கிளப்புகின்றன. அளவான வேகத்தில் கச்சான் வீசும்போது மட்டுமே இவை மேலே ஏற முடியும். அதனால் கோடையில் இவற்றுக்கு வழி அடைத்திருக்கும், குளிர்காலத்தில் திறந்திருக்கும். சில குளிர்காலங்களில் இவை மிகப் பெரிதாகி மீள் அடுக்கில் உடைந்து, துருவத்தைச் சுற்றி வீசும் கச்சானை அடியோடு நிறுத்திவிடும். பின்னோக்கித் திருப்பிவிடுவதும் உண்டு. அப்போது காற்று துருவத்தில் இறங்கி நசுங்க, சில நாட்களுக்குள் வெப்பநிலை 40, 50 டிகிரி எகிறும். 1952-இல் பெர்லினில் ரிச்சர்ட் ஷெர்ஹாக் பலூன் அளவீடுகளில் இதை முதலில் கண்டார். மீள் அடுக்கின் திடீர் வெப்பமேற்றம் என்று பெயர்.

இந்தச் சமயத்தில் மேலே இடையடுக்கில் என்ன ஆகும் என்று மேலே சொன்ன சல்லடையைக் கொண்டே ஊகிக்கலாம். கச்சான் போய்க் கொண்டல் வந்துவிட்டால், இனி விழுங்கப்படுவது மேற்கே போகும் அலைகள். கிழக்கே போகும் அலைகள் தப்பி மேலே சேரும். அதாவது நடுக் குளிர்காலத்தில் கோடையின் சல்லடை. அளந்து பார்த்தால் அப்படியேதான் இருக்கிறது: கீழே மீள் அடுக்கு சூடாகும்போது மேலே இடையடுக்கு குளிர்கிறது. ஒரே விதி இரண்டு நிகழ்வுகளையும் விளக்குவது எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

வட அரைக்கோளத்தில் இப்படிப் பெரிய நிகழ்வு பத்தாண்டில் ஆறு தடவை போல நடக்கிறது. தென் அரைக்கோளத்தில் கடல்தான் அதிகம், பெரிய மலைகள் குறைவு, அதனால் கோள் அலைகள் வலுக் குறைந்தவை. அங்கே துருவச் சுழல், அதாவது துருவத்தைச் சுற்றி வீசும் அந்தக் கச்சான், கலையாமல் நின்று குளிர்ந்துகொண்டே போகிறது. ஓசோன் துளை அண்டார்டிகாவுக்கு மேலே பெரிதாகத் தோன்றியதற்கு அந்தக் குளிரும் ஒரு காரணம். 2002 செப்டம்பரில் மட்டும் அந்தச் சுழல் இரண்டாகப் பிளந்தது, கூடவே ஓசோன் துளையும் இரண்டாகப் பிரிந்தது. பதிவுகள் தொடங்கிய பின் தென் பகுதியில் காணப்பட்ட முதல் பெரிய நிகழ்வு அது.

மூன்றாவது வகை, சூரிய வெப்பம் கிளப்பும் வளிமண்டல ஓதம், அதாவது கடலில் போலவே காற்றிலும் தினமும் வரும் ஏற்ற இறக்கம். இதை டெல்டாவில் வீட்டில் உட்கார்ந்தே பார்க்கலாம். காற்றழுத்தத்தை அளக்கும் உணரி உள்ள கைப்பேசியில் அமைதியான ஒரு நாளின் அழுத்தத்தைக் குறித்து வந்தால், காலை 10 மணி வாக்கிலும் இரவு 10 மணி வாக்கிலும் உச்சம், அதிகாலை 4, மாலை 4 மணி வாக்கில் தாழ்வு. வித்தியாசம் ஏறத்தாழ 3 ஹெக்டோபாஸ்கல். கடல் ஓதத்தில் நிலா முதன்மை. காற்று ஓதத்தில் நிலாவின் பங்கு மிகச் சிறிது. நீராவியும் ஓசோனும் வெயிலை உறிஞ்சுவதுதான் இங்கே முதன்மைக் காரணம். இதுவும் மேலே போகப்போகப் பெருகி, 100 கிலோமீட்டர் உயரத்தில் பெருங்காற்றாகிறது.

துருவத்துக் கலக்கம் நம் பக்கம் வருவது இந்த ஓதத்தின் வழியாகத்தான். திடீர் வெப்பமேற்றம் நடக்கும்போது ஓதங்கள் மாறுகின்றன. தென் தமிழகத்துக்கு மேலே, காந்தப் பூமத்தியரேகையை ஒட்டி, 105 கிலோமீட்டர் உயரத்தில் பகலில் ஒரு மின்னோட்டம் கிழக்கு நோக்கி ஓடுகிறது. அதை நடத்துவது ஓதக் காற்று. ஓதம் மாறினால் அந்த மின்னோட்டமும் மாறும், சில நாள் பிற்பகலில் திசையே திரும்பிவிடும். 2009 ஜனவரியில் வட துருவச் சுழல் பிளந்தபோது தென் அமெரிக்காவின் பூமத்தியரேகைப் பகுதிக்கு மேலே காற்று மின்னேற்றமடைந்திருக்கும் அயனி மண்டலத்தில் எலெக்ட்ரான்களின் அளவு காலையில் கூடியும் பிற்பகலில் குறைந்தும் போனது. படகில் இருக்கும் ஜிபிஎஸ் கருவிக்கு வரும் சமிக்ஞை இந்த மண்டலத்தைக் கடந்துதான் வருகிறது.

மழைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று டெல்டாவில் யாரும் கேட்பார்கள். ஐரோப்பாவுக்கு நேரடித் தொடர்பு உண்டு. 2018 பிப்ரவரியில் நடந்த வெப்பமேற்றத்துக்குப் பிறகு அங்கே கடும் பனி வந்தது. அதை வைத்து நம் சம்பாவுக்கும் தாளடிக்கும் மழை கணிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நம் பருவமழையை நடத்துவது வங்கக் கடலும் கீழடுக்குக் காற்றும்தான்.

ஆனால் கணிக்கும் கணினிக்கு மேலடுக்குகளும் தேவைப்படுகின்றன. மிதப்பு அலைகளில் பல, கணினி மாதிரி காற்றைப் பிரித்துக் கணக்கிடும் கட்டங்களைவிடச் சிறியவை. அவற்றை நேரடியாகக் காட்ட முடியாததால் அவற்றின் மொத்தத் தள்ளலைத் தோராயச் சமன்பாடாக எழுதிச் சேர்க்கிறார்கள். அதைச் சேர்க்காவிட்டால் துருவத்தின் குளிரும் காற்றும் தவறாக வரும். புயல் நாட்களில் நாம் கைப்பேசியில் பார்க்கும் காற்று வரைபடங்கள் பலவற்றுக்கு அடிப்படை ஐரோப்பிய வானிலை முன்கணிப்பு மையத்தின் மாதிரி. அது தரையிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் உயரம் வரை காற்றைக் கணக்கிடுகிறது.